பதினொருவரின் கணக்கு

அமெரிக்கக் கால்பந்தில் ஒரு பக்கத்துக்குப் பதினொரு பேர்தாம் களத்தில் நிற்கலாம் என்பதை அந்த ஆட்டத்தை ஒருமுறை பார்த்தவரும் அறிவார். ஆனால் அந்தப் பதினொருவர் யார் யார் என்பதைப் பந்து நகரும் ஒவ்வொரு முறைக்கும் முன்னால் பயிற்சியாளர் புதிதாகத் தீர்மானித்து, அந்தத் தீர்மானத்தை ஒரே ஒரு சொல்லாலோ இரண்டு இலக்கங்களாலோ அறிவித்துவிடுகிறார் என்பது, வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவ்வளவு எளிதில் புலப்படுவதில்லை. தொழில்முறை ஆட்டத்தில் ஓர் ஓட்டம் முடிந்ததிலிருந்து அடுத்த ஓட்டம் தொடங்குவதற்குள் கிடைக்கும் அவகாசம் 40 வினாடி. அதற்குள் சிலர் வெளியேறி, சிலர் உள்ளே ஓடி, இன்ன வியூகம், இன்ன யுக்தி என்று கேட்டுக்கொண்டு, தத்தம் ஸ்தானத்தில் நின்றாக வேண்டும். இந்த அவசரத்துக்குப் பிறந்த பெயர்களின் சரித்திரத்தையே இங்கே சொல்ல முற்படுகிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பந்தை முன்னே கொண்டு செல்லும் அணியில் ஐந்து பேர், அதாவது நடுவில் ஒரு சென்டர், அவருக்கு இருமருங்கிலும் இரண்டு கார்டுகள், அவர்களை அடுத்து இரண்டு டாக்கிள்கள், எதிரியைத் தடுப்பதையே தொழிலாகக் கொண்டவர்கள். முன்னோக்கி எறியப்படும் பந்தைப் பிடிக்க அவர்களுக்குச் சாதாரணமாக உரிமை கிடையாது. ஆறாமவர் பந்தைப் பெற்று ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக். எஞ்சிய ஐவர்தாம் மாற்றத்துக்கு உரியவர்கள்: பந்தைச் சுமந்து ஓடும் ரன்னிங் பேக், தடுக்கவும் பிடிக்கவும் வல்ல டைட் எண்டு, ஓரத்தில் நின்று ஓடிப் பந்து பிடிக்கும் வைட் ரிசீவர் என்று மூன்று ஜாதி. இரண்டு இலக்கத்தில் முதல் இலக்கம் ரன்னிங் பேக்குகளின் தொகை, இரண்டாவது டைட் எண்டுகளின் தொகை. ஐந்திலிருந்து இவ்விரண்டையும் கழித்தால் கிடைப்பது ரிசீவர்களின் தொகை. ஆகவே 12 என்றால் ஒரு ரன்னிங் பேக், இரண்டு டைட் எண்டு, சொல்லாமலே இரண்டு ரிசீவர். 21 என்றால் இரண்டு, ஒன்று, இரண்டு. 22 என்றால் ஒரே ஒரு ரிசீவர். 10 என்றால் நான்கு. மூன்றாவது தொகையை வாயால் சொல்ல வேண்டாதபடி கழித்தலுக்கு விட்டுவிட்டதுதான் இந்த முறையின் சாமர்த்தியம் என்பது என் அபிப்பிராயம். பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தில் ஒரு குழுவுக்கே 11 என்று பெயரிட்டுப் புதியவர்களைத் திகைக்க வைப்பது மட்டும் இதிலுள்ள சிறிய தோஷம். சேனையை அதன் அங்கங்களின் தொகையால் பெயரிடுவது நமக்கும் பழக்கமானதே: தேர் ஒன்று, யானை ஒன்று, குதிரை மூன்று, காலாள் ஐந்து கொண்டது ஒரு பத்தி என்று பாரதம் கேட்டவர்களுக்கு இந்தக் கணக்கு அந்நியமாகத் தோன்றாது.

இத்தகைய பெயர்களுக்கு ஆதிகாலத்தில் அவசியமே இருக்கவில்லை. யேல் கல்லூரியைச் சேர்ந்த வால்டர் காம்ப் 1880-இல் ஆளெண்ணிக்கையைப் பதினொன்றாகக் குறைத்து, பந்து வைக்கும் கோட்டையும் விதித்தபின், வெகுகாலம் வரையில் களத்தில் இறங்கியவர் தாக்கும்போதும் காக்கும்போதும் தாமே ஆட வேண்டியவராக இருந்தார். வெளியேறியவர் திரும்பி வருவதற்கு விதிகள் பலவிதத் தடைகளை வைத்திருந்தன. ஆள் மாறாத இடத்தில் ஆட்தொகுதிக்குப் பெயர் எதற்கு? அக்காலத்துப் பெயர்களெல்லாம் நிற்கும் கோலத்தைக் குறித்தவை: பாப் வார்னர் வளர்த்த சிங்கிள் விங், பின்னர் கிளார்க் ஷானஸியின் ஆலோசனையோடு சிகாகோ பேர்ஸ் அணி புதுப்பித்து, 1940-ஆம் வருஷத்து இறுதி ஆட்டத்தில் வாஷிங்டன் அணியை 73–0 என்று நசுக்கக் காரணமான டி வியூகம் முதலியன.

யுத்தம் வந்தபோதுதான் மாற்றமும் வந்தது. ஆட்களைத் தாராளமாக மாற்றிக்கொள்ளக் கல்லூரி விதிகள் 1941-இல் இடங்கொடுத்தன; ஆனால் அந்த அனுமதிக்குள் ஒளிந்திருந்த புரட்சியை நான்கு வருஷங்களுக்குப் பிறகே ஒருவர் வெளிக்கொணர்ந்தார். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லர், 1945 அக்டோபர் 13-ஆம் தேதி நியூயார்க்கின் யாங்கி மைதானத்தில், அன்று எவராலும் வெல்ல முடியாததாயிருந்த ராணுவக் கல்லூரி அணியை எதிர்கொள்ள வேண்டியிருந்தது. அவரிடம் இருந்தவர்களோ பெரும்பாலும் அனுபவமற்ற இளம்பிள்ளைகள். ஒருவனே இரண்டு வேலையும் செய்தால் பிற்பகுதியில் களைத்து வீழ்வான் என்று கண்டு, தாக்குவதற்கு ஒரு கூட்டம், காப்பதற்கு ஒரு கூட்டம் என்று அணியைப் பிரித்து, பந்து கைமாறும்போதெல்லாம் கூட்டத்தையும் மாற்றினார். மிச்சிகன் 28–7 என்று தோற்றது. ஆயினும் தோல்வியைவிட அந்த ஏற்பாடே நினைவில் நின்றது. ராணுவத்திலிருந்து எடுத்த பிளட்டூன் என்ற சொல் அதற்குப் பெயராயிற்று.

பெரிய அணியைப் பராமரிக்கும் செலவைத் தாங்காத கல்லூரிகளின் முறையீடு ஓங்கியதால் 1953-இல் கல்லூரி ஆட்டத்தில் இந்த முறை நீக்கப்பட்டு, படிப்படியாகத் தளர்ந்து, 1965-இல்தான் முழு உரிமையோடு திரும்பியது. தொழில்முறைச் சங்கமோ ஆட்பஞ்சம் மிகுந்த 1943-இலேயே இதைச் சோதித்துப் பார்த்து, இடையில் பின்வாங்கி, 1950-இல் நிரந்தரமாக ஏற்றுக்கொண்டது. 1960-இல் ஃபிலடெல்ஃபியாவுக்காகத் தாக்குதலில் சென்டராகவும் காப்பில் முன்வரிசைக்குப் பின்னால் நிற்கும் லைன்பேக்கராகவும் ஆடிய சக் பெட்நாரிக்கைப் பழைய வகையின் கடைசி மனிதராகப் பலரும் போற்றுகிறார்கள்.

ஆள் மாறலாம் என்றானவுடன், மாறுகிறவன் வழியாகச் செய்தியும் அனுப்பலாம் என்று கண்டுகொண்டவர் கிளீவ்லாந்தின் பால் பிரௌன். இரண்டு கார்டுகளை மாற்றி மாற்றி உள்ளே விட்டு, அடுத்த யுக்தியை அவர்கள் வாயிலாகக் குவார்ட்டர்பேக்குக்குச் சொல்லியனுப்பினார். பிற்காலத்தில் பிட்ஸ்பர்க்குக்கு நான்கு மகுடங்கள் வாங்கித்தந்த சக் நால் அப்படித் தூது சென்ற கார்டுகளில் ஒருவர். 1956-இல் தலைக்கவசத்துக்குள் வானொலிக் கருவியையே பொருத்திப் பார்த்தார் பிரௌன். சங்கத் தலைவர் பெர்ட் பெல் அதைத் தடுத்துவிட்டார். அதே கருவியை 1994-இல் சங்கமே அனுமதித்தது வேறு கதை.

இதற்கிடையில் ஆட்டக்காரர்களின் ஜாதியும் பெருகிற்று. வரிசையின் இரு முனைகளிலும் நின்ற எண்டுகளில் ஒருவர் தனியே ஓரம் போய் ஸ்பிளிட் எண்டு ஆனார். பின்வரிசையிலிருந்து ஒருவர் மறு ஓரம் சென்று ஃபிளாங்கர் ஆனார். டாக்கிளை ஒட்டியே நின்றுவிட்டவர் டைட் எண்டு. 1961-இல் சிகாகோவுக்கு வந்த மைக் டிட்கா அந்த ஒரே வருஷத்தில் 56 பந்துகளைப் பிடித்து 1,076 கஜம் ஈட்டியபோது, முட்டித் தடுப்பதற்கென்று நிறுத்தப்பட்டவன் ஓடிப் பிடிக்கவும் கூடும் என்பது நாடறிந்த விஷயமாயிற்று. இம்மூவருக்கும் முறையே எக்ஸ், இஸட், ஒய் என்று எழுத்துகள் வழங்கலாயின. கருப்பலகையில் எழுதுவதற்கு அதுவே போதும். ஓரத்திலிருந்து கூவுவதற்குத்தான் வேறொன்று வேண்டியிருந்தது.

அந்த வேறொன்று இன்றியமையாததாகும்படி ஆட்சேர்க்கையைப் பன்மடங்காக்கியவர்களில் முக்கியமானவர் ஜோ கிப்ஸ். சான் டியேகோவில் பயிற்சியாளர் டான் கோரியலின் உதவியாளராக இருந்தவர் அவர். தாக்குதலில் இரண்டு ரன்னிங் பேக் இருப்பதே இயல்பான நியதி என்று கருதப்பட்ட அக்காலத்தில், 1981-இல் வாஷிங்டன் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வந்து, முதல் ஐந்து ஆட்டங்களையும் வரிசையாகத் தோற்றார். அதே வருஷம் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் லாரன்ஸ் டெய்லர் என்றொரு லைன்பேக்கர் பிரவேசித்து, அவரைத் தடுக்க நிறுத்தப்பட்ட ரன்னிங் பேக்குகளைப் பொருட்படுத்தாமல் குவார்ட்டர்பேக்குகளை வீழ்த்திக்கொண்டிருந்தார். கிப்ஸ் ஒரு பேக்கை எடுத்துவிட்டு அந்த இடத்தில் இன்னொரு டைட் எண்டைக் கொணர்ந்தார். கோட்டுக்குச் சற்றுப் பின்னால் நின்று இப்பக்கமும் அப்பக்கமும் நகரக்கூடிய அவருக்கு எச்-பேக் என்ற பெயர் நிலைத்தது. இன்று 12 என்று நாம் சொல்வது ஏறக்குறைய இதையே. அவ்வருஷம் எட்டு வெற்றி எட்டுத் தோல்வியோடு முடிந்த வாஷிங்டன், அடுத்த பருவத்தின் இறுதியில், 1983 ஜனவரியில் மயாமியை 27–17 என்று வென்று மகுடம் சூடியது.

எதிர்ப்பக்கமும் சும்மா இருக்கவில்லை. மயாமி அணி தன் காப்பு முறையொன்றுக்கு 53 என்று பெயர் வைத்தது. அதில் எந்தக் கணக்கும் இல்லை, அந்த முறையில் உள்ளே வரும் பாப் மாத்திசன் அணிந்த சட்டையின் எண் அது, அவ்வளவே. பந்து பிடிப்போரைக் காக்க ஐந்தாமவர் பின்வரிசைக்கு வந்தால் ஐந்து சென்ட் நாணயத்தை நினைத்து நிக்கல் என்றார்கள். ஆறாமவர் வந்தால், ஆறு சென்ட் நாணயம் இல்லாத காரணத்தால், அடுத்ததான பத்து சென்ட்டின் பெயரால் டைம் என்றார்கள். தாக்கும் பக்கத்திலும் இப்படியே. எண் பிடிக்காத பயிற்சியாளர்கள் 21-ஐ ரெகுலர் என்பார்கள், பருத்த உடலினரையெல்லாம் ஒன்றுசேர்த்தால் ஜம்போ என்பார்கள். டைகர், ஸீப்ரா என்று விலங்குகளை அழைப்பவர்களும் உண்டு. பஃபலோ அணி 1990-ஐ ஒட்டிய வருஷங்களில் ஆட்களை மாற்றாமலும் கூடிப் பேசாமலும் விரைந்து ஆடிய முறைக்கு கே-கன் என்று பெயர். அதிலுள்ள எழுத்து புகழ்பெற்ற குவார்ட்டர்பேக் ஜிம் கெல்லியைக் குறிப்பதாகவே பலர் நினைத்தார்கள், ஆனால் அது கீத் மெக்கெல்லர் என்ற டைட் எண்டைக் குறித்தது.

ஓர் ஆட்டத்தின்போது பந்தை விட்டுவிட்டுக் களத்தின் ஓரத்தை மட்டும் கவனித்தால் இந்தப் பெயர்களின் உபயோகம் விளங்கும். ஓர் உதவிப் பயிற்சியாளர் ஒரு கையில் ஒரு விரலும் மறுகையில் இரண்டு விரலுமாக உயர்த்திக்கொண்டு அதே எண்ணைக் கூவுகிறார். இரண்டாவது டைட் எண்டு உள்ளே ஓட, மூன்றாவது ரிசீவர் வெளியே ஓடி வருகிறார். பன்னிரண்டாவது ஆள் ஒருவர் திரும்ப மறந்தால் ஐந்து கஜம் போய்விடும். அதே சமயத்தில் மேலே கண்ணாடி அறைக்குள் எதிரணியின் பயிற்சியாளர் தொலைநோக்கியில் உள்ளே வருபவர்களை எண்ணி, அதே எண்ணைத் தம் பக்கத்துக்குச் சொல்கிறார். தாக்குபவர் ஆளை மாற்றினால் காப்பவருக்கும் மாற்றிக்கொள்ள அவகாசம் தர வேண்டும் என்பது விதியாதலால், நடுவர் பந்தின்மீது நின்று சற்றே தாமதிக்கிறார். ஆக, தன் ஆட்களுக்கென்று உண்டான பெயர் எதிரிக்கும் உரிய பெயராகவே முடிந்துவிட்டது.

எண்ணை எதிரியும் படிக்கிறான் என்றால் எண்ணைக்கொண்டே அவனை ஏமாற்றவும் கூடுமல்லவா? 2018-ஆம் ஆண்டுப் பருவத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் ராம்ஸ் அணியின் ஷான் மெக்வே, பத்துக்கு ஒன்பது முறை என்னும்படி 11-ஐயே களமிறக்கி, எந்த நேரத்தில் ஓட்டம், எந்த நேரத்தில் எறிதல் என்று எவரும் ஊகிக்க இயலாதபடி செய்திருந்தார். அவருக்கு எதிராக 2019 பிப்ரவரி 3-ஆம் தேதி அட்லாண்டாவில் நடந்த இறுதி ஆட்டத்தில் நியூ இங்கிலாந்து அணி மூன்று கால்பகுதிகள் வரை 3–3 என்று தத்தளித்துவிட்டு, நான்காம் பகுதியில் 22-ஐ அனுப்பியது: இரண்டு பேக், இரண்டு டைட் எண்டு, ஒரே ரிசீவர். நெருங்கி நின்று முட்டித் தள்ளுவதற்கே உரியதாகக் கருதப்படும் சேர்க்கை அது. காப்போரும் அதற்கேற்பப் பருத்தவர்களையே நிறுத்தினார்கள். நியூ இங்கிலாந்தோ அந்த ஐவரையும் களத்தின் அகலம் முழுவதும் பரப்பி நிறுத்தி, ஒரே யுக்தியைத் திரும்பத் திரும்ப ஆடியது. ஐந்தே முறைகளில் 69 கஜம். ராப் கிரன்கௌஸ்கி 29 கஜத்துக்கு ஒரு பந்தைப் பிடித்து இரண்டாம் கஜக்கோட்டில் விழ, அடுத்த முறை ஸோனி மிஷெல் ஓடிச் சேர்த்தது அவ்வாட்டத்தின் ஒரே டச் டவுன். முடிவு 13–3.

எண் ஆளைச் சொல்கிறது, அவன் நிற்கும் இடத்தைச் சொல்வதில்லை என்ற இந்தக் குறைபாடு களத்தில் யுக்தியாயிற்று. பஞ்சாயத்தில் அது பணமாயிற்று. நியூ ஆர்லியன்ஸ் அணியின் ஜிம்மி கிரகாம், பெயரளவில் டைட் எண்டு என்றாலும், பெரும்பாலும் வரிசையைவிட்டு விலகி ரிசீவர்கள் நிற்கும் இடங்களிலேயே நின்றவர். 2014-இல் அணி அவரை ஓராண்டுக்குத் தக்கவைத்துக்கொள்ள விதிப்படி முன்வந்தபோது, டைட் எண்டுக்கு உரிய சம்பளம் சுமார் 70 லட்சம் டாலர், ரிசீவருக்கு உரியது சுமார் 1 கோடியே 23 லட்சம் டாலர். தாம் ரிசீவரே என்று கிரகாம் வழக்காடினார். நடுவராக அமர்ந்த ஸ்டீபன் பர்பாங்க், வரிசைக்கு அருகில் சற்று விலகி நிற்பதும் டைட் எண்டின் இயல்புக்கு உட்பட்டதே என்று ஜூலை மாதம் தீர்ப்பளித்தார். பெயரை இழந்தாலும், அதே மாதத்தில் நான்கு ஆண்டுக்கு 4 கோடி டாலர் என்று கிரகாம் ஒப்பந்தம் செய்துகொண்டார். மறுவருஷம் மார்ச் மாதம் அவரை சியாட்டில் அணிக்குக் கொடுத்துவிட்டு, நியூ ஆர்லியன்ஸ் பதிலுக்குப் பெற்றது ஒரு முதற்சுற்றுத் தேர்வுரிமையும், எந்தக் கணக்கிலும் ஜாதித் தகராறு எழ இடமில்லாத ஒரு சென்டரும்.