கேம்ப், முகாம், கெம்பஸ்: ஒரு சொல்லின் வரலாறு

கொஞ்சம் நீண்ட பதிவு. நேரம் கிடைக்கும்போது வாசியுங்கள்.

போன கிழமை தரம் 8 பிள்ளைகளுக்கு ஆங்கிலப் பாடம். 'கேம்ப்' என்ற சொல்லை வைத்து ஒரு வசனம் எழுதச் சொன்னேன். சாரணர் பாசறையை மனதில் வைத்துத்தான் சொன்னேன். ஒரு பிள்ளை ஆமி கேம்ப் என்று எழுதியது. இன்னொன்று, அம்மம்மாவுக்குக் கண் கேம்பில் கண்ணாடி கொடுத்ததை எழுதியது. கடைசி வாங்கில் இருந்த மகள், "என் உம்மா கேம்பில் பிறந்தவர்" என்று எழுதினாள். பக்கத்துப் பிள்ளை பார்த்துச் சிரித்தது. மகள் உடனே அதை அழித்துவிட்டாள்.

எனக்கு அன்றிரவு நித்திரை வரவில்லை. நானும் கேம்ப் பிள்ளைதான்.

1990 ஒக்டோபரில் வடக்கின் ஐந்து மாவட்டங்களிலும் இருந்த முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது எனக்கு இரண்டு வயது. சுமார் 75,000 பேர் ஊரை விட்டார்கள். மன்னார்த் தீவில் இருந்து பலர் வள்ளங்களில் கல்பிட்டிக்குப் போனார்கள். புத்தளம் பக்கம் கிடுகுக் கொட்டில்களில் குடியிருந்தோம். "கொஞ்ச நாளைக்குத்தான்" என்று பெரியவர்கள் சொன்னார்கள். நான் ஓ.எல். எழுதியதும் அந்தக் கொட்டிலில் இருந்துதான்.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது? லத்தீனில் 'கம்புஸ்' என்றால் வெட்டவெளி, வயல்வெளி. ரோமாபுரியில் படைகள் பயிற்சி எடுத்த திடலுக்கும் அந்தப் பெயர் உண்டு. படை தங்கும் இடம் என்ற பொருளில் அது இத்தாலி, பிரான்ஸ் வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'கேம்ப்' ஆனது. பிரித்தானியர் அதை இலங்கைக்கும் கொண்டுவந்தார்கள். 1900இல் தென்னாபிரிக்காவில் பிடித்த போயர் கைதிகளை தியத்தலாவையில் அடைத்து வைத்தார்கள். அதுவும் கேம்ப்தான்.

எங்களுக்கு நேர் எதிர்க்கரையைப் பாருங்கள். இலங்கைத் தோட்டங்களுக்கு வந்த தொழிலாளர்களை நோய்த்தடுப்புக்காக மண்டபத்தில் தங்கவைத்தார்கள். பிறகு 80களில் தலைமன்னார்ப் பக்கம் இருந்து படகேறிய அகதிகளும் அதே இடத்தில்தான் தங்கினார்கள். இன்று அங்கே ரயில் நிலையத்தின் பெயரே 'மண்டபம் கேம்ப்'. தற்காலிகம் என்று வைத்த பெயர் ஊர்ப் பெயராகிவிட்டது.

தமிழில் 'முகாம்' என்கிறோமே, அது அரபுச் சொல். பாரசீகம், உருது வழியாகத் தமிழுக்கு வந்தது. நிற்கும் இடம், தங்கும் இடம் என்று பொருள். கஃபாவுக்குப் பக்கத்தில் உள்ள மகாமு இப்ராஹீமும், தொழுகைக்கு நிற்கும்போது சொல்லும் இகாமத்தும் இதே வேரில் வந்தவை. சவூதியில் வேலை செய்தவர்களுக்கு 'இகாமா' தெரியும், அந்த நாட்டில் வசிப்பதற்கான அனுமதி. அதுவும் இதே வேர்தான். ஆனால் முகாமில் இருந்த எங்களுக்கு நிலையாக நிற்க ஓர் இடம் இருக்கவில்லை.

பெயரை மாற்றுவதும் நடந்திருக்கிறது. 1990களில் மடுவில் ஐ.நா. அகதிகள் நிறுவனம் நடத்தியது 'திறந்த நிவாரண நிலையம்'. 2009இல் செட்டிகுளம் மெனிக்பாமில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்ச் சனத்தை முள்வேலிக்குள் வைத்தபோது அதற்கு 'நலன்புரி நிலையம்' என்று பெயர். ராமநாதன், அருணாசலம், கதிர்காமர் என்று பெரிய மனிதர்களின் பெயர்களைப் பிரிவுகளுக்கு வைத்தார்கள். உள்ளே இருந்த சனம் கேம்ப் என்றுதான் சொன்னது. 2012 செப்டம்பரில்தான் அது மூடப்பட்டது.

2008இல் யுத்தம் ஏ-32 வீதி வழியாக வடக்கே நகர்ந்தபோது வெள்ளாங்குளம் பக்கத்துச் சனமும் இடம்பெயர்ந்தது. பலர் கடைசியில் போய்ச் சேர்ந்தது மெனிக்பாமுக்குத்தான். என் வகுப்பில் சிரித்த பிள்ளையின் தாய் தகப்பனும் அங்கே இருந்தவர்கள்தான். பிள்ளைக்கு அது தெரியாது. வீட்டில் யாரும் சொல்லவில்லை. எங்கள் வீடுகளிலும் இப்படித்தான். வெட்கம் என்று மறைக்கிறோம். யுத்தம் முடிந்த பிறகு எங்களைப் 'பழைய அகதிகள்' என்று பிரித்துப் பின்வரிசையில் விட்டார்கள். நாங்களும் பேசாமல் இருந்தால், நடந்ததே பிள்ளைகளுக்குத் தெரியாமல் போய்விடும்.

அடுத்த நாள் கரும்பலகையில் மூன்று சொற்கள் எழுதினேன்: கேம்ப், கெம்பஸ், சாம்பியன். மூன்றுக்கும் வேர் அந்த வெட்டவெளிதான் என்று சொன்னேன். களத்தில் நின்று போராடுபவன் சாம்பியன். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பிரின்ஸ்டன் கல்லூரியில் வளவைக் 'கெம்பஸ்' என்று சொல்லத் தொடங்கினார்கள். நாங்கள் இன்று பல்கலைக்கழகத்தையே அப்படிச் சொல்கிறோம். கேம்பில் இருந்து கெம்பஸ் போன பிள்ளைகள் எங்கள் ஊர்களில் எத்தனை பேர்!

பிறகு, நான் எந்தக் கேம்பில் வளர்ந்தேன் என்பதையும் வகுப்பில் சொன்னேன். அந்த மகள் கொப்பியை எடுத்து, அழித்த வசனத்தைத் திரும்ப எழுதினாள். சிரித்த பிள்ளை, "சேர், வீட்டில் கேட்டுக்கொண்டு வந்து நானும் எழுதட்டுமா?" என்று கேட்டது.

சொந்தங்களே, ஒரு சின்ன வேண்டுகோள். இன்று இரவு சாப்பிடும்போது பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். எந்தக் கேம்பில் இருந்தீர்கள், எத்தனை வருடம், பக்கத்துக் கொட்டிலில் யார், தண்ணீர் எங்கே எடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். தமிழ் வீடுகளிலும் சொல்லுங்கள். பிள்ளைகள் அதைக் கொப்பியில் எழுதி வைக்கட்டும்.