மூடிய பெட்டிக்குள் ஒரு சர்வர்: விர்ச்சுவல் அப்ளையன்ஸ் கதை

இன்னைக்கு எபிசோடில் ஒரு ஃபைலைப் பற்றிப் பேசப் போறோம். சில ஜிபி இருக்கும். டவுன்லோட் பண்ணி ஓடவிட்டா, ஒரு முழு சர்வரே உங்க ஆபீஸில் எழுந்து நிற்கும்.

2000-களின் தொடக்கத்தில் ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் விற்றால், விற்ற பிறகுதான் உண்மையான வேலையே ஆரம்பிக்கும். அவங்க சர்வரில் எந்த லினக்ஸ் இருக்கு? டேட்டாபேஸ் எந்த வெர்ஷன்? "எங்க மெஷின்ல ஓடுதே!" என்பார் விற்றவர். வாங்கினவர் மெஷினில் ஓடாது. சரி, ஓடுகிற அந்த மெஷினையே அனுப்பிட்டா என்ன?

இதற்கான தொழில்நுட்பம் ஏற்கெனவே இருந்தது. நிஜக் கம்ப்யூட்டருக்குள் சாஃப்ட்வேரால் ஆன இன்னொரு கம்ப்யூட்டரை ஓட்டுவதை 1960-களிலேயே ஐபிஎம் செய்து காட்டிவிட்டது. சாதாரண பிசிக்கு அதை 1999-இல் கொண்டுவந்தது விஎம்வேர். 2003-இல் ஸ்டான்ஃபோர்டின் சபுன்ட்சாகிஸ், மோனிகா லாம் இருவரும் ஒரு கட்டுரை எழுதினாங்க. ஆப்பரேட்டிங் சிஸ்டம் முதல் அப்ளிகேஷன் வரை எல்லாத்தையும் ஒரே பொட்டலமா கட்டுங்க, அதைப் பராமரிக்கிற தலைவலி தயாரிப்பவருக்கே இருக்கட்டும் என்பது அவங்க வாதம். மிக்ஸி வாங்கறவங்க மோட்டாரைப் பற்றிப் படிக்க வேண்டியதில்லையே, அந்த மாதிரி. 'விர்ச்சுவல் அப்ளையன்ஸ்' என்ற பெயரும் அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே இருக்கு.

2006-இல் விஎம்வேர் இதற்காக ஒரு போட்டியே வைத்தது. முதல் பரிசு 1,00,000 டாலர். 2007-இல் டெல், எச்பி, ஐபிஎம், மைக்ரோசாஃப்ட், விஎம்வேர், ஜென்சோர்ஸ் ஆகிய ஆறு கம்பெனிகள் சேர்ந்து ஓவிஎஃப் என்ற பொது வடிவத்தை முன்வைத்தன. சந்தையில் முட்டிக்கொண்டவர்கள் இதற்காக ஒரே மேசையில் உட்கார்ந்தது, என்னைக் கேட்டா, சின்ன விஷயமில்லை.

இந்த முறையால் நல்லா பயனடைந்த ஒரு கம்பெனி கிட்ஹப். தங்கள் கோடு வெளியே போகவே கூடாது என்று நினைக்கிற கம்பெனிகளுக்கு அதன் வெப்சைட் ஒத்துவராது. அதனால 2011-இல் கிட்ஹப் எண்டர்பிரைஸ் வந்தது. கிட்டத்தட்ட மொத்த கிட்ஹப்பும் ஒரு விஎம் இமேஜுக்குள்!

ஆனா ஒரு கேள்வி அப்படியே நின்றது. பெட்டி உங்க வீட்டில், சாவி யாரிடம்? இந்த மாதிரி இமேஜ் பலவற்றில் வாங்கியவர் உள்ளே கை வைத்தால் சப்போர்ட் கிடையாது. 2014 செப்டம்பரில் ஷெல்ஷாக் வெடித்தபோது இதன் விலை தெரிந்தது. பாஷ் என்கிற ஷெல்லில் சுமார் 25 வருஷமா ஒளிந்திருந்த ஓட்டை அது. சொந்த லினக்ஸ் சர்வர் வைத்திருந்த அட்மின் ஒரு கமாண்டில் அப்டேட் பண்ணிக்கலாம். மூடிய பெட்டி வைத்திருந்தவரோ, விற்றவர் பேட்ச் அனுப்பும்வரை காத்திருக்கணும். விஎம்வேரே தன்னுடைய பல அப்ளையன்ஸ்களுக்குத் தனித்தனியா பேட்ச் வெளியிட வேண்டி வந்தது.

இன்னொரு பக்கமும் இருக்கு. பெட்டியை யார் வேணும்னாலும் டவுன்லோட் பண்ணிப் பிரிச்சுப் பார்க்கலாம். தைவானின் பாதுகாப்பு ஆய்வாளர் ஆரஞ்ச் சாய் 2016 இறுதியில் அதைத்தான் செய்தார். கிட்ஹப் எண்டர்பிரைஸ் டிரையல் இமேஜைத் திறந்தார். உள்ளே ரூபி கோடு மறைத்து வைக்கப்பட்டிருந்தது. மறைக்கப் பயன்படுத்திய சாவியே ஒரு ஆங்கில வாசகம்: வாடிக்கையாளர்கள் விஎம்மை மாற்றாமல் இருக்கத்தான் இந்த மறைப்பு, இதை எளிதில் உடைக்கலாம்னு எங்களுக்கே தெரியும் என்ற பொருளில். நேர்மையான பூட்டு! உடைத்துப் படித்தவர் ஒரு எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் ஓட்டையைக் கண்டுபிடித்துக் கிட்ஹப்பிடம் சொன்னார்.

கிட்ஹப் அதைச் சரிசெய்து புது வெர்ஷன் வெளியிட்டது. தங்கள் வெப்சைட்டில் ஒரு பிழை என்றால் அவங்களே ஒரே இடத்தில் திருத்திவிடலாம். இங்கே அந்தப் புது வெர்ஷனை எடுத்து, நேரம் ஒதுக்கி, சர்வரை நிறுத்தி ஏற்ற வேண்டியது ஒவ்வொரு கம்பெனியின் அட்மினும்தான்.