எண்ணிக்கையில் விடுபட்ட ஆள்: பரமார்த்த குருவின் கதை

லிந்துலைப் பகுதியில் நான் படிப்பிக்கத் தொடங்கிய புதிதில், ஐந்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் பரமார்த்த குரு கதையைச் சொன்னேன். குருவும் அவருடைய சீடர்கள் ஐவரும் ஆற்றைக் கடந்து கரையேறுகிறார்கள். ஒருவன் ஆட்களை எண்ணுகிறான். தன்னை விட்டுவிட்டு எண்ணுவதால் ஐந்து பேர்தான் தேறுகிறார்கள். ஒருவரை ஆறு கொண்டுபோய்விட்டது என்று எல்லோரும் கரையில் இருந்து கதறுகிறார்கள்.

வகுப்பே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்ததும் தகராறு தொடங்கியது. கடைவீதியிலிருந்து வரும் முஸ்லிம் பையன் ஒருவன், "சேர், இது முல்லாட கதை. அவர் கழுதைகள எண்ணுவார், ஏறி இருக்கிற கழுதைய எண்ண மாட்டார்" என்றான். "இல்ல சேர், இது எங்க தாத்தா சொல்ற கத" என்றாள் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி. இன்னொருவன் அயல்வீட்டுச் சிங்களப் பையனிடம் கேட்ட மஹதெனமுத்தாவை இழுத்து வந்தான். யாருடைய கதை என்று அன்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியவில்லை. பிறகுதான் தேடிப் படித்தேன்.

பரமார்த்த குருவைத் தமிழில் எழுதியவர் வீரமாமுனிவர். 1680இல் இத்தாலியில் பிறந்த இவரின் இயற்பெயர் கொன்ஸ்தாந்தீன் யோசேப் பெஸ்கி. 1710இல் இந்தியா வந்து, தமிழ் கற்று, 1747இல் மறைந்தவர். ஆசிரியர் கலாசாலையில் நாங்கள் அவரைத் 'தேம்பாவணி' பாடிய புலவராகவும் 'சதுரகராதி' தொகுத்தவராகவுமே படித்தோம். அந்தப் பெரும் காப்பியம் இன்று புலவர்களின் மேசையில் இருக்கிறது. தமிழ் படிக்க வந்த ஐரோப்பியர் பேச்சுவழக்கைப் பழகட்டும் என்று பயிற்சிப் பாடமாக அவர் எழுதிவைத்த சிறு கதைத் தொகுதியோ லயத்துத் திண்ணை வரை வந்து சேர்ந்துவிட்டது. சென்னையில் கும்பினி உத்தியோகம் பார்த்த பெஞ்சமின் பாபிங்டன் 1822இல் இதனை ஆங்கில மொழிபெயர்ப்புடன் லண்டனில் அச்சிட்டார்.

ஆயினும் கதைகள் எல்லாம் அவர் கற்பனையில் உதித்தவை அல்ல. ஆற்றைக் கடந்த பத்துப் பேர் ஒருவரைக் காணாமல் தவிப்பதும், "பத்தாவது ஆள் நீயேதான்" என்று ஒருவர் காட்டிக்கொடுப்பதும் 14ஆம் நூற்றாண்டு வேதாந்த நூலான 'பஞ்சதசி'யில் தன்னை அறிதலுக்கு உவமையாக வருகின்றன. ஆங்கிலேயர்களிடமும் 16ஆம் நூற்றாண்டு முதல் கோதம் என்னும் ஊரின் மூடர்கள் இருக்கிறார்கள். மீன்பிடிக்கப் போன அந்தப் பன்னிரண்டு பேரும் இப்படியே எண்ணி அழுதவர்கள்தாம். பெஸ்கி தம் நாட்டில் கேட்டதை இங்கே கொண்டுவந்தாரோ, இங்கே கேட்டதை எழுதிவைத்தாரோ, இரண்டுக்கும் இடமுண்டு.

முல்லாவின் வம்சமும் இப்படியே நீண்டது. துருக்கியில் அக்‌ஷஹிர் நகரில் நஸ்ருத்தீன் ஹோஜாவின் அடக்கத்தலம் என்று ஓர் இடத்தைக் காட்டுகிறார்கள். அரபு மொழியில் அவருக்கு மூத்தவர் ஜுஹா. 9ஆம் நூற்றாண்டு அறிஞர் அல் ஜாஹிழ் அவரைக் குறிப்பிட்டிருக்கிறார். 2022இல் நஸ்ருத்தீன் கதை சொல்லும் மரபை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தபோது, துருக்கி, அஸர்பைஜான், உஸ்பெகிஸ்தான் உட்பட ஏழு நாடுகள் சேர்ந்தே அதற்கு உரிமை கோரின. தானிருக்கும் கிளையைத் தானே வெட்டி விழும் கதை முல்லாவுக்கும் உண்டு, பரமார்த்தரின் சீடனுக்கும் உண்டு. பானைக்குள் தலை மாட்டிய ஆட்டை விடுவிக்க அதன் தலையை வெட்டச் சொன்ன மஹதெனமுத்தாவுக்கும் சீடர்கள் ஐந்து பேர். என் வகுப்பில் சண்டையிட்ட மூன்று பிள்ளைகளும் சொன்னது சரிதான்.

பிள்ளைகளுக்கு இந்தக் குருவை ஏன் இவ்வளவு பிடிக்கிறது? நாள் முழுதும் "உனக்குத் தெரியாது" என்று கேட்டே வளரும் பிள்ளைக்கு, இங்கே குருவுக்குத் தெரியாதது தெரிந்திருக்கிறது. பூசணிக்காயைக் குதிரை முட்டையென்று வாங்கி வரும்போது, அது பூசணிக்காய் என்று முதலில் கத்துவது வகுப்பின் கடைசி வாங்குதான். சீடர்களின் பெயர்களைப் பாருங்கள்: மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன். பாதிப் பெயர்கள் ஆசிரியர்களாகிய நாங்கள் பிள்ளைகளைத் திட்டும் பெயர்கள். நானும் திட்டியிருக்கிறேன். சில வருடங்களுக்கு முன் பிள்ளைகளை டெவன் நீர்வீழ்ச்சி பார்க்கக் கூட்டிப்போய்த் திரும்பும்போது பஸ்ஸில் எண்ணினேன், இருபத்தெட்டு. கொண்டக்டர் இருபத்தொன்பது என்றார். நான் விடாமல் வாதாடினேன். அன்று காலைதான் நான் மட்டி என்று ஏசியிருந்த பையன் மெல்ல, "சேர், ஒங்கள எண்ணலயே" என்றான். பஸ் முழுதும் சிரித்தது. அதன் பிறகு அந்தச் சொல் என் வாயில் வரவில்லை.

இதே கதையை ஒரு மாலை லயத்து வாசலில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். வயது போன தொழிலாளி ஒருவரும் கேட்டுக்கொண்டிருந்தார். பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை என்ற வாழ்க்கையைப் பல வருடம் வாழ்ந்தவர் அவர். சிரிக்காமல் சொன்னார்: "அவனுங்களாவது ஒருத்தனக் காணோம்னு அழுதானுங்க சேர். எங்கள விட்டுட்டு எண்ணினப்ப யாரு அழுதா?"

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரை எண்ணிக்கைக்கு வெளியே நிறுத்தியது. 1964இல் இரண்டு நாடுகள் கூடி 525,000 பேர் அங்கே, 300,000 பேர் இங்கே என்று பிரித்தபோது 150,000 பேர் மிஞ்சினர். அவர்களை 1974இல் பாதி பாதியாகப் பங்கிட்டனர். எஞ்சியிருந்த நாடற்றோருக்கு வழி திறந்த சட்டம் 2003இல்தான் வந்தது. பயிற்சிப் பாடமாக எழுதிய கதை அந்த முதியவரிடம் வழக்குரையாகிவிட்டது. ஒரு கதாபாத்திரம் முந்நூறு வருடங்களை நெருங்கியும் சாகாமல் இருப்பதன் இரகசியத்தை நான் அன்றுதான் கண்டேன். கேட்பவர் ஒவ்வொருவரும் தம் கணக்கை அதில் போட்டுப் பார்க்கலாம்.

இன்னொன்றும் என் மனதில் நிற்கிறது. மிலேச்சன் என்பது அந்நியரைக் குறிக்க வடமொழியார் வைத்திருந்த சொல். நம் முன்னோரையும் அச்சொல்லால் அழைத்ததுண்டு, இத்தாலியிலிருந்து வந்த பாதிரியையும் அது விட்டுவைக்காது. மடங்களைக் கேலி செய்யவே பெஸ்கி இதை எழுதினார் என்று சொல்வோர் உண்டு. ஆனால் அந்த ஐந்து மூடர்களில் ஒருவனுக்கு அவர் இந்தப் பெயரை வைத்திருக்கிறாரே! சீடர்களை எண்ணும்போது தம்மையும் சேர்த்து எண்ணிக்கொண்டாரோ என்று நான் நினைப்பதுண்டு.

இப்போது சுற்றுலா போனால் பஸ்ஸில் பிள்ளைகள்தான் எண்ணுகிறார்கள். என்னிலிருந்து தொடங்குகிறார்கள்.