பாலி மர்ரே: லைம் நோயை அடையாளம் காணச் செய்த தாய்

பாலி மர்ரே (1934–2019) அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில் வாழ்ந்த ஓவியர்; நான்கு பிள்ளைகளின் தாய். உண்ணிக் கடியால் பரவும் லைம் நோய் தனியொரு நோயாக அடையாளம் காணப்பட இவர் திரட்டிய குறிப்புகள் வழிவகுத்தன. மருத்துவம் படிக்காத இவர், நோயாளிகளின் குரலாக மருத்துவ வரலாற்றில் இடம்பெற்றார்.

பெயர் தெரியாத நோய்

மர்ரேயின் குடும்பம் காடு சூழ்ந்த லைம் என்னும் சிற்றூரில் வாழ்ந்தது. மான்கள் மிகுந்த பகுதி அது. 1960களிலிருந்தே அவருக்குத் தடிப்பு, காய்ச்சல், மூட்டுவலி, தலைவலி, கடுஞ்சோர்வு ஆகியவை மாறிமாறி வந்தன. பல மருத்துவர்களை நாடியும் காரணம் தெரியவில்லை. சோதனை முடிவுகளில் குறை தென்படாததால், இது மனம் சார்ந்த சிக்கல் என்று சிலர் கருதினர். பின்னர் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் இதே போன்ற தொல்லைகள் தோன்றின.

மர்ரே சோர்ந்துவிடவில்லை. யாருக்கு, எந்த மாதத்தில், எந்த அறிகுறி முதலில் வந்தது என்று நாள்வாரியாகக் குறித்து வைத்தார். அக்கம்பக்கத்தில் விசாரித்தபோது, மூட்டு வீங்கிய பிள்ளைகள் பலர் இருப்பது தெரிந்தது. அப்பிள்ளைகளுக்குச் சிறார் முடக்குவாதம் என்று சொல்லப்பட்டிருந்தது. அது அரிதான நோய். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாதது. அப்படியிருக்க, ஒரே தெருவில் பலருக்கு எப்படி வரும் என்பதே மர்ரேயின் கேள்வி.

1975ஆம் ஆண்டின் ஆய்வு

1975 அக்டோபரில் அவர் மாநிலச் சுகாதாரத் துறையைத் தொடர்புகொண்டார். அதே பகுதியைச் சேர்ந்த மற்றொரு தாயும் இதே முறையீட்டை முன்வைத்தார். யேல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய மருத்துவர் ஆலன் ஸ்டீர் விசாரணையை மேற்கொண்டார். மர்ரேயின் பட்டியல் அவருக்குத் தொடக்கப் புள்ளியாக அமைந்தது.

அருகருகே அமைந்த மூன்று ஊர்களில் 39 சிறார்கள், 12 பெரியவர்கள் என 51 பேருக்கு இந்நோய் இருந்தது தெரியவந்தது. பெரும்பாலோர் மரங்கள் அடர்ந்த பகுதிகளில் குடியிருந்தனர். கோடையிலோ அதையொட்டிய மாதங்களிலோ நோய் தொடங்கியிருந்தது. மூட்டுவலிக்கு முன் தோலில் வட்டமாகப் படரும் தடிப்பு வந்ததாகச் சிலர் கூறினர். சுவீடனைச் சேர்ந்த அர்வித் அஃப்சேலியஸ் என்னும் தோல் மருத்துவர் 1909இலேயே இத்தகைய தடிப்பை உண்ணிக் கடியோடு தொடர்புபடுத்தியிருந்தார். இவ்விரண்டும் இணைந்தபோது ஐயம் உண்ணியின்மேல் விழுந்தது.

1977இல் இந்நோய் ‘லைம் மூட்டழற்சி’ என்ற பெயரில் வெளியுலகுக்கு அறிவிக்கப்பட்டது. வில்லி பர்க்டார்ஃபர் உண்ணியின் குடலில் சுருள் வடிவ நுண்ணுயிரைக் கண்டறிந்தது 1982இல் வெளியிடப்பட்டது. அதற்குப் பொரீலியா பர்க்டார்ஃபெரி என்று அவர் பெயரே சூட்டப்பட்டது. நோய்க்காரணி பாக்டீரியா என்பதால், தொடக்கத்திலேயே கண்டறிந்தால் டாக்சிசைக்ளின் போன்ற மருந்துகளால் குணப்படுத்தலாம். மர்ரே தம் அனுபவங்களை 1996இல் நூலாக வெளியிட்டார்; 2019 ஜூலையில் மறைந்தார்.

நம் மலையடிவாரத்தில்

இந்தியாவிலும் இதற்கு ஒப்பான வரலாறு உண்டு. 1957இல் அன்றைய மைசூர் மாநிலத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் இறந்து விழுந்தன. அதே காலத்தில் அருகிலிருந்த ஊர்மக்களும் காய்ச்சலுக்குப் பலியாயினர். புனேயில் இருந்த வைரஸ் ஆய்வு மையம், உண்ணிகளால் பரவும் புதிய வைரஸே காரணம் என்று கண்டறிந்தது. இன்று அது குரங்குக் காய்ச்சல் எனப்படுகிறது.

சிவகிரி, புளியங்குடி, கடையநல்லூர் போன்ற ஊர்கள் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அமைந்தவை. ஆடுமாடு மேய்ப்போரும் தோட்ட வேலைக்குச் செல்வோரும் புதர்களிடையே நடமாடுகின்றனர். தமிழகத்தில் ‘உண்ணிக் காய்ச்சல்’ என்று செய்திகளில் குறிப்பிடப்படும் ஸ்க்ரப் டைபஸ் வேறு வகை நோய். உண்ணிக்கு உறவான மிகச் சிறிய சிலந்திப்பேனின் இளம் உயிரி கடிப்பதால் அது வருகிறது. கடித்த இடத்தில் சிலருக்குச் சுட்டது போன்ற கறுத்த பொருக்கு உண்டாகும். அக்குள், இடுப்பு போன்ற மறைவிடங்களில் அது இருக்கக்கூடும் என்பதால் நோயாளி காட்டாவிட்டால் மருத்துவரின் கண்ணுக்குப் படாமல் போகலாம். இந்நோய்க்கும் டாக்சிசைக்ளின் பயன்படுகிறது. தாமதமானால் நுரையீரல், சிறுநீரகம் முதலியவை பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம்.

மர்ரேயின் பங்கு

நுண்ணுயிரைக் கண்டறிந்தவர்கள் அறிவியலாளர்கள். அவர்கள் எங்கே தேட வேண்டும் என்பதைக் காட்டியவை ஒரு தாயின் குறிப்பேடுகள். காய்ச்சல் எப்போது தொடங்கியது, அதற்கு முன் எங்கே சென்றோம், வீட்டில் வேறு யாருக்கு வந்தது என்பவற்றை நோயாளி சொல்வதும், மருத்துவர் அதைப் பொறுமையுடன் கேட்பதும் நோயறிதலின் ஒரு பகுதி என்பதற்கு பாலி மர்ரேயின் வாழ்க்கை சான்றாக நிற்கிறது.