எல்லைக் கரையும் இந்தியப் பந்தும்

1956-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் முதல் நாளன்று திருவிதாங்கூர்–கொச்சி மாநிலம் மறைந்து கேரளம் பிறந்தது. அகத்தீசுவரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்து கன்னியாகுமரி மாவட்டமாயின. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் தங்கிற்று. நேற்று வரை ஒரே அரசின் கீழ் இருந்த பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே மாநில எல்லை வந்து நின்றது. சரியாக முப்பது நாட்கள் கழிந்தபின், டிசம்பர் முதல் நாளன்று, மெல்போர்ன் நகரத்து ஒலிம்பிக் பந்தயத்தில் இந்தியக் கால்பந்து அணி ஆஸ்திரேலியாவை 4–2 என்ற கணக்கில் வென்று அரையிறுதிக்குச் சென்றது.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை என்று அன்பர்கள் கூறலாம். சரித்திர ஆசிரியர்களும் அவ்வாறே கூறுவர். ஆயினும் நம் காலனியின் மாலை நேரப் பேச்சில் இவ்விரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருந்ததில்லை. பந்தைப் பற்றித் தொடங்கும் பேச்சு எல்லையில் வந்து முடிகிறது. எல்லையைப் பற்றித் தொடங்கினாலோ, யாராவது ஒருவர் பந்தை உருட்டி நடுவில் விட்டுவிடுகிறார்.

2025-ஆம் ஆண்டு அக்டோபர் 14-ஆம் நாள் கோவாவின் மட்காவ் நகரில் இந்திய அணி சிங்கப்பூரிடம் 1–2 என்று தோற்று, 2027-ஆம் ஆண்டின் ஆசியக் கோப்பைக்குச் செல்லும் வாய்ப்பை இழந்தது. அன்றிரவு நம் தேநீர்க் கடையில் எழுந்த வழக்கு எளிதில் தீரவில்லை. பயிற்சியாளர் மீது பழி சுமத்தினர் சிலர். சங்க நிர்வாகத்தின் மீது சுமத்தினர் வேறு சிலர். எல்லாரும் பேசி ஓய்ந்தபின் ஒரு முதியவர், "நடுவில் நின்று ஆட்டத்தை அமைக்க ஆளில்லாத அணி எந்தக் கரையில் போய் ஏறும், மக்களே?" என்று கேட்டார். "ஆள் இருக்கிறான், மாமா, எடுக்கிறவர்களுக்குத்தான் கண் இல்லை" என்று ஓர் இளைஞர் விடை கூறினார். இக்கட்டுரை அவ்விருவர் கூற்றையும் சரித்திரத்தின் முன் வைத்துப் பார்க்கும் ஒரு சிறு முயற்சியே.

ஆட்டத்தை அமைப்பவர் என்பவர் யார்? பத்திரிகைகள் அவரைப் 'பிளேமேக்கர்' என்கின்றன. கோல் போடுவது அவருடைய முதல் வேலை அன்று, தடுப்பதும் அன்று. பின்னணியினர் பறித்த பந்தை வாங்கி, ஒரு நொடி தலையை நிமிர்த்திப் பார்த்து, யார் எங்கே ஓடப் போகிறார் என்பதை அவர் ஓடுமுன்னே அறிந்து, அந்த இடத்திற்குப் பந்தை அனுப்புகிறவர் அவர். கரைவலை இழுப்பதைக் கண்ட நம் குழந்தைகளுக்கு இதை விளக்குவது எளிது. இரண்டு கயிற்றையும் இழுக்கப் பலர் இருப்பர். எப்பொழுது விரைந்து இழுப்பது, எப்பொழுது தளர்த்துவது என்று நீரைப் பார்த்துச் சொல்பவர் ஒருவரே. அவர் கை கயிற்றில் அதிகம் படுவதில்லை; ஆனால் மீன் கரையேறுவது அவர் சொல்லால்.

மெல்போர்ன் அணிக்குத் திரும்புவோம். ஐதராபாத்தில் பள்ளி ஆசிரியராக இருந்த சையத் அப்துல் ரஹீம் அவ்வணியின் பயிற்சியாளர். ஆஸ்திரேலியாவுக்கு எதிராக நெவில் டிசூசா மூன்று கோல்களைப் போட்டார். நான்காவது கோல், கிட்டு என்று அன்போடு அழைக்கப்பட்ட ஜே. கிருஷ்ணசாமியுடையது. கோல் காவலர்களாகப் பீட்டர் தங்கராஜும் ஒற்றப்பாலத்து எஸ். எஸ். நாராயணனும், பின்னணியில் கோழிக்கோட்டு ரஹ்மானும் அவ்வணியில் இடம் பெற்றிருந்தனர். அரையிறுதியில் யுகோஸ்லாவியாவிடம் 1–4, வெண்கலப் பதக்கத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடம் 0–3 எனத் தோற்று, நான்காம் இடத்தோடு திரும்பினர். அதற்குமேல் ஒலிம்பிக்கில் இந்தியக் கால்பந்து இன்றுவரை ஏறியதில்லை.

ரஹீமின் பெருமை ஆட்களைத் தேர்ந்ததில் மட்டும் இல்லை. யாரை எங்கே நிறுத்துவது என்பதில்தான் இருந்தது. 1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியை எண்ணிப் பாருங்கள். முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 0–2 என்று தோல்வி. பின்னணி வீரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம், தையல் போட்டிருந்தனர். வேறொருவராக இருந்தால் அவரைப் பலகையில் உட்கார வைத்திருப்பார். ரஹீமோ அவரை முன்னணியின் நடுவே கொண்டுபோய் நிறுத்தினார். செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டத்தில், எதிர்ப்புக் கூச்சல் வானைப் பிளக்கும் அரங்கத்தில், அதே கொரியாவை 2–1 என்று இந்தியா வென்றது. ஒரு கோல் பி. கே. பானர்ஜியுடையது; மற்றது அந்த ஜர்னைல் சிங்குடையது. கோலைக் காத்தவர் தங்கராஜ். பின்னணியில் இரிஞ்ஞாலக்குடைச் சந்திரசேகரன் நின்றார். அடுத்த ஆண்டே ரஹீம் புற்றுநோயால் மறைந்தார். வீரரின் குணத்தை அறிந்து இடத்தை அமைக்கும் அக்கலையும் அவரோடு பெரும்பாலும் மறைந்ததோ என்று நான் பலமுறை எண்ணியதுண்டு.

இனி நம் கரைக்கு வருவோம். நெய்யாறு கடலில் விழும் பூவாற்றிலிருந்து தெற்கே நடந்தால் பொழியூர். அதைக் கடந்து சிறிது தொலைவில் கேரளம் முடிகிறது, நீரோடி தொடங்குகிறது. மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரையுமன்துறை என்று அடுத்தடுத்து ஊர்கள். அலை ஒன்றே, மணல் ஒன்றே, மீன் விலைக்காகப் போடும் சண்டையும் ஒன்றே. தமிழும் மலையாளமும் இக்கரையில் ஒரே வாக்கியத்தில் குடியிருக்கும். 1860-ஆம் ஆண்டுகளில் வெட்டத் தொடங்கிய அனந்த விக்டோரியா மார்த்தாண்டம் கால்வாய் இருபுறத்து ஊர்களுக்கும் பின்னே செல்கிறது. தூத்தூர் வட்டாரத்துக் கத்தோலிக்கப் பங்குகள் தமிழ்நாட்டில் இருந்தும் திருவனந்தபுரம் மறைமாவட்டத்தைச் சேர்ந்தவையே. அரசு வரைந்த கோட்டைத் திருச்சபை பின்பற்றவில்லை என்பது கவனிக்கத்தக்கது.

அக்கோடு எவ்வளவு கண்ணீரோடு வரையப்பட்டது என்பதை நம் சங்கத்து மூத்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நெய்யாற்றின்கரையையும் கேட்டது. தேவிகுளம், பீர்மேட்டையும் கேட்டது. 1954 ஆகஸ்டு 11-ஆம் நாள் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கி வெடித்தது. நேசமணி அவர்களின் தலைமையில் நடந்த போராட்டத்தின் பயனாக நான்கு வட்டங்களும், செங்கோட்டையின் ஒரு பகுதியும் கிடைத்தன; மற்றவை கிடைக்கவில்லை. அந்த வரலாற்றை எழுத இது இடமன்று. அக்கோடு பந்தாட்டத்திற்குச் செய்தது என்ன என்பதே நம் கேள்வி.

இந்தியக் கால்பந்தில் மாநிலம் என்பது வெறும் முகவரி அன்று. 1941-இல் தொடங்கிய சந்தோஷ் கோப்பை மாநிலங்களுக்கு இடையே நடப்பது. தேர்வாளர் கண்ணில் ஏழைப் பையன் படுவதற்கு நெடுங்காலம் அதுவே வாயிலாக இருந்தது. கேரளம் அக்கோப்பையை 1973-இல் முதன்முதலாக வென்றது. 1992-இல் வென்றதோ நம் கோயம்புத்தூரில். திருவனந்தபுரத்தில் டைட்டானியம், திருவிதாங்கூர் ஸ்டேட் வங்கி போன்ற நிறுவனங்கள் அணி வைத்திருந்தன. பந்தாடத் தெரிந்தவனுக்கு அங்கே வேலையும் கிடைத்தது. பொழியூர்ப் பையன் பேருந்தேறினால் சில மணி நேரத்தில் தேர்வுக் களத்தில் நிற்பான். நீரோடிப் பையன் அதே பேருந்தில் ஏறலாம். ஆனால் அவனுடைய மாநிலத் தேர்வு சென்னைப் பக்கம் இருக்கும். ஓர் இரவு முழுதும் ரயிலில் போக வேண்டும். கூப்பிடு தொலைவில் பிறந்த இருவருக்கு இரண்டு விதி.

2018 ஏப்ரல் முதல் நாளன்று கொல்கத்தாவில் நடந்த சந்தோஷ் கோப்பை இறுதியாட்டம் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். வங்காளமும் கேரளமும் கூடுதல் நேரத்திலும் 2–2 என்று நின்றன. தண்ட உதையில் வங்காளத்தின் இரண்டு உதைகளைக் காவலர் மிதுன் தடுத்தார். கேரளத்தின் நான்காவது உதையை உதைக்க வந்தவர் சீசன். பொழியூர்க் கரையைச் சேர்ந்தவர். பந்து வலையில் விழுந்தது, 4–2. அதற்கு நான்கு திங்களுக்கு முன்புதான், 2017 நவம்பர் இறுதியில், ஒக்கிப் புயல் அக்கரையிலும் இக்கரையிலும் எத்தனையோ வீடுகளின் விளக்கை அணைத்திருந்தது. அந்த வெற்றி நாளில் நம் காலனியில் தமிழ்நாட்டுக் கட்சி, கேரளக் கட்சி என்று இரண்டு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

மறுகரையின் கதை இரவிபுத்தன்துறை மைக்கேல் சூசைராஜுடையது. சென்னை சிட்டி அணியில் பெயர் பெற்று, 2018-இல் ஜம்ஷெட்பூருக்கும், 2019-இல் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணிக்கும் சென்றார். இடது காலால் பந்தை ஒட்டவைத்துக் கொண்டு எதிராளியை மணலில் ஆடுவது போலக் கடந்து செல்வார். நடுவில் நின்று ஆட்டத்தை அமைக்கும் அறிவும் அவரிடம் உண்டு என்பதே நம் இளைஞர்களின் வாதம். ஏ.டி.கே. அணியில் அவரை இடது ஓரத்தில், தாக்கவும் தடுக்கவும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டிய இடத்தில் நிறுத்தினர். அவ்வணி 2020-இல் பட்டமும் வென்றது. ஆதலின் பயிற்சியாளர் தவறு செய்தார் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. ஆனால் அணிக்கு நன்மையானது அந்த வீரருக்கும் நன்மையானதா என்பது வேறு கேள்வி.

2019 ஜூனில் தாய்லாந்தில் நடந்த கிங்ஸ் கோப்பைக்குப் புதிய பயிற்சியாளர் இகோர் ஸ்டிமாக் தேர்ந்த இந்திய அணியில் சூசைராஜ் இடம் பெற்றார். அதே அணியில் சகல் அப்துல் சமதும் இருந்தார். கண்ணூர் மாவட்டத்துப் பையனூரைச் சேர்ந்த குடும்பம். பிறந்ததோ அரபு நாட்டு அல் ஐன் நகரில். பிழைப்புத் தேடி ஊர்விட்டுப் போனவர்களின் மகன் என்பதனாலேயே நம் காலனிப் பெண்டிர்க்கும் அவர்மீது ஒரு பரிவு உண்டு. குராசோவுக்கு எதிராக அவர் முதன்முதலாக இந்தியச் சட்டை அணிந்தார். 1–3 என்று தோல்வி. தாய்லாந்தை 1–0 என்று வென்று மூன்றாம் இடம். கேரள இரசிகர்கள் அன்றே அவரை நடுக்களத்தின் அரசராக முடிசூட்டிவிட்டனர். தேர்வாளர்களோ அவரை ஒருநாள் நடுவிலும், மறுநாள் ஓரத்திலும், மற்றொரு நாள் பலகையிலும் வைத்தனர். 2022 ஜூன் 11-ஆம் நாள் கொல்கத்தாவில் ஆப்கானிஸ்தானுக்கு எதிராக ஆட்டம் முடியும் தறுவாயில் களம் புகுந்து வெற்றிக் கோலை அடித்தவர் அவரே. 2024 ஜனவரியில் கத்தாரில் நடந்த ஆசியக் கோப்பையில் இந்தியா மூன்று ஆட்டங்களிலும் ஒரு கோலும் இன்றித் தோற்றபோது, காயத்தின் காரணமாக முதலிரண்டு ஆட்டங்களில் அவர் இல்லை.

"சகல் இருந்தால் வென்றிருப்போம்" என்பது ஒரு கட்சி. "ஓட்டமும் உரமும் இல்லாதவரை நடுவில் வைத்தால் தடுப்பது யார்?" என்பது எதிர்க்கட்சி. "இருவரும் வேண்டா, நம் சூசைராஜுக்குக் கால் முறியாதிருந்தால்" என்பது மூன்றாம் கட்சி. மூன்றாம் கட்சியார் பேசும்போது மட்டும் கடையில் சற்று அமைதி நிலவும். 2020 நவம்பர் 20-ஆம் நாள், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே, கேரள பிளாஸ்டர்ஸ் அணிக்கு எதிராக ஆடும்போது அவருடைய முழங்கால் சிதைந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவருக்குப் போயிற்று. இந்திய அணியில் அவருக்கென்று திறந்த கதவும் அத்துடன் சாத்திக்கொண்டது. அவரைக் காண விரும்பியவர்களும் எதிரணியை ஆதரித்தவர்களும் அன்று ஒரே தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்தனர்.

என் கருத்தைக் கேட்பீராயின், இளைஞர் கூற்றில் பாதியும் முதியவர் கூற்றில் பாதியும் உண்மை. ஆள் இல்லாமல் இல்லை. ஆனால் ஆட்டத்தை அமைப்பவர் முகாமில் பத்து நாளில் உண்டாவதில்லை. பதினான்கு வயதில் நடுவில் நிறுத்தி, பிழை செய்ய விட்டு, இருபத்திரண்டு வயது வரை அங்கேயே வைத்திருக்க வேண்டும். நம் கரைப் பையன் வேகமாக ஓடுகிறான் என்று கண்டவுடன் அவனை ஓரத்திற்குத் தள்ளுகிறோம். பெருங்கழகங்கள் அந்த நடு இடத்தை வெளிநாட்டவர்க்கே கொடுக்கின்றன. பிறகு தேசிய அணிக்கு ஆள் தேடும்போது அந்த இடம் வெறுமையாய் இருப்பதைக் கண்டு வியக்கிறோம். ரஹீம் பின்னணி வீரரை முன்னணிக்கு மாற்றியது அவரைப் பல ஆண்டுகள் அருகிருந்து அறிந்ததனால். இன்று செய்யப்படும் மாற்றங்கள் அறியாமையினால் செய்யப்படுகின்றன என்று சொன்னால், அது கடுஞ்சொல்லாயினும் பொய்யாகாது என்று எண்ணுகிறேன்.

2016 ஜனவரி 3-ஆம் நாள் காரியவட்டம் அரங்கத்தில் இந்தியா ஆப்கானிஸ்தானைக் கூடுதல் நேரத்தில் 2–1 என்று வென்று தெற்காசியப் பட்டம் பெற்றதைக் காண நம் காலனியிலிருந்து ஒரு கூட்டமாகச் சென்றோம். ஆப்கானிஸ்தான் முதலில் கோல் போட்டது. ஜேஜே சமன் செய்தார். சேத்ரி முடித்து வைத்தார். திரும்பும் வழியில் பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு கடற்கரைக் குடும்பம். தகப்பனார் பொழியூர், தாயார் நீரோடி. மகனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். "பெரியவனானால் எந்த மாநிலத்துக்கு ஆடுவாய், மக்களே?" என்று யாரோ கேட்டார். தகப்பனார் வடக்கே கை காட்டினார். தாயார் தெற்கே கை காட்டினார். பையன் சன்னலில் தலை சாய்த்துத் தூங்கிப் போயிருந்தான். நெய்யாற்றின்கரை கடந்து அமரவிளைப் பாலம் வரும்வரை பெற்றோர் இருவரும் வழக்காடிக்கொண்டே வந்தனர்.