ஓய்வுபெற்ற பந்தயக் குதிரை

பந்தய ஓட்டத்திலிருந்து கழிக்கப்பட்டு, தரகர் வழியாகவோ சந்தையிலோ கைமாறும் தோரோபிரெட் இனக் குதிரை. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற வானம் பார்த்த பூமியில் இதை வாங்க நினைப்பவர் விலையை விட, அதன் கால்களையும் தீவனத்தையும் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டும்.

பாண்டி நாட்டுக்கு வெளியூர்க் குதிரை புதிதன்று. மாணிக்கவாசகர் குதிரை வாங்கப் போன கதையும் நரி பரியான கதையும் இங்கே சிறு பிள்ளைக்கும் தெரியும். பாரசீகத்து ஆசிரியர் வஸ்ஸாப், 13ஆம் நூற்றாண்டில் மாபார் எனப்பட்ட இக்கரைக்கும் பிற துறைகளுக்கும் ஆண்டுக்கு 10,000 குதிரைகள் வந்ததாகவும், ஒன்றின் விலை 220 பொன் தினார் என்றும் எழுதினார். இங்கே அவை இறங்கிய காயல் துறை, இன்றைய தூத்துக்குடி மாவட்டத்துப் பழையகாயல். மாறவர்மன் குலசேகரன் காலத்தில் வந்த மார்க்கோ போலோ, வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை பராமரிக்கத் தெரியாததால் செத்துப்போயின என்கிறார். லாடம் அடிக்கக்கூட ஆளில்லையாம். குதிரைக்கு அரபு நாட்டில் கிடைத்த கவனிப்பு இங்கே கிடைக்காததும் அந்த நட்டத்துக்கு ஒரு காரணம்.

தோரோபிரெட் இனத்தின் ஆண்வழி பையர்லி டர்க், டார்லி அரேபியன், கொடால்பின் அரேபியன் என்ற மூன்று பொலிகுதிரைகளிடம் போய் முடிகிறது. 1791இல் இங்கிலாந்தில் இதற்கு வம்சப் பதிவேடு தொடங்கியது. இந்தியாவில் புனேயிலுள்ள பதிவு ஆணையம் குட்டியின் பெற்றோரை மரபணுச் சோதனையால் உறுதிசெய்து பதிகிறது. ஆகவே உண்மையான பந்தயக் குதிரைக்குப் பாஸ்போர்ட் உண்டு. அந்தியூர்ச் சந்தையில் மார்வாரி, கத்தியவாரிக் குதிரைகளுக்குக் கழுத்துத் தேவமணி முதலாகச் சுழி பார்ப்பார்கள். பந்தயக் குதிரைக்கு அது உதவாது.

பார்க்க வேண்டியது முன்னங்கால். முழங்காலுக்குக் கீழே, பின்பக்கத் தசைநாணை விரலால் மேலிருந்து கீழே தடவி, இரு கால்களையும் ஒப்பிட வேண்டும். வீக்கமோ சூடோ தட்டுப்பட்டால், பந்தயத்தில் நாண் கிழிந்த குதிரையாக இருக்கலாம். பிறகு கெட்டித் தரையில் துள்ளுநடையில் ஓட்டிப் பார்க்க வேண்டும். நோவுள்ள முன்னங்கால் தரையில் படும்போது தலையை உயர்த்தும். வயதை விற்பவர் சொல்லில் நம்பாமல் பல்லில் பார்க்கலாம்: மேல்வாய்க் கடைசி வெட்டுப்பல்லில் ஏறத்தாழ 10 வயதில் ஒரு பள்ளக்கோடு தோன்றி, 20இல் பல் முழுக்க இறங்கிவிடும்.

ஓட்ஸ் தின்று வளர்ந்த குதிரையை ஒரே நாளில் கொள்ளுக்கு மாற்றினால் வயிற்றுவலி கண்டு சாகலாம். இரண்டு வாரமாவது பழக்க வேண்டும். மாட்டுக்குப் போடும் பச்சைச் சோளத்தட்டை கூடவே கூடாது; சிறுநீர்ப்பை கெட்டுப் பின்னங்கால் தள்ளாடும். கோடையில் தினம் 40 லிட்டர் தண்ணீராவது வேண்டும். கரிசலில் பங்குனி, சித்திரையில் அதற்கு வழியுண்டா என்பதை முதலில் யோசிக்க வேண்டும். மெல்லிய தோலுள்ள இக்குதிரையை வண்டியில் பூட்டுவது கொடுமை.

2024இல் ஊட்டி, கிண்டி பந்தய நிலங்களைத் தமிழக அரசு மீட்க நடவடிக்கை எடுத்தது; களம் குறைந்தால் கழிக்கப்படும் குதிரைகள் மலிவாகக் கிடைக்கக்கூடும்.

வாங்குபவர் கால்நடை மருத்துவரை உடன் அழைத்துச் சென்று, கிளாண்டர்ஸ் நோய்க்கான இரத்தப் பரிசோதனைச் சான்றைக் கேட்டுப் பெற வேண்டும். பாஸ்போர்ட் தராதவரிடம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வாங்காதீர்கள்.