காரணம்பேட்டைக் கல்

பல்லடத்துக்கும் சூலூருக்கும் நடுவே, காரணம்பேட்டை, கோடங்கிபாளையம் பக்கம் கடப்பாரை முழுசாக இறங்குவதற்குள் பாறை தட்டும். கொங்கு நாட்டின் அடியில் கிடக்கும் இந்தக் கல்லுக்கு வயது 200 கோடி ஆண்டுக்கும் மேல். திருப்பூரின் எத்தனையோ பனியன் கம்பெனிக் கட்டடங்களுக்குள் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. பின்னலாடையின் கதையை எல்லோரும் நூலிலிருந்தே சொல்கிறார்கள். நூல் ஓட ஒரு தளம் வேண்டுமே!

தாத்தா காலத்து மேஸ்திரிக்குக் கல் கல்லாகவே வந்தது. கருங்கல் கடைக்கால், சுண்ணாம்புக் காரை, மேலே ஓடு. பஞ்சுக் கிடங்குக்கும் ஜின்னிங் பேக்டரிக்கும் அது போதும். 1930களில் மதுக்கரையில் சிமென்ட் ஆலை வந்த பிறகும் ஜல்லியைச் சுத்தியலால்தான் உடைத்தார்கள். வெயிலில் உட்கார்ந்து உடைத்தவர்களில் பெண்கள் நிறையப் பேர். எந்தக் கட்டடத்தின் திறப்பு விழாக் கல்வெட்டிலும் அவர்கள் பெயர் இருக்காது.

1978ஐ ஒட்டி இத்தாலி வியாபாரி வெரோனா திருப்பூருக்கு வந்து, ஏற்றுமதிக்கு வழி திறந்ததும் கல்லின் போக்கும் மாறியது. கம்பெனிக்காரர்களுக்கு மாடிக்கு மேல் மாடி அவசரமாக வேண்டியிருந்தது. மேஸ்திரியின் மகன் இன்ஜினீயரிங் படித்து ஒப்பந்தக்காரரானது இந்தக் காலத்துக் கதை. ஈரோட்டில் 1956இல் தொடங்கிய யூ.ஆர்.சி. கன்ஸ்ட்ரக்‌ஷன் போல, வெளி மாநிலங்களிலும் வேலை எடுக்கும் அளவுக்கு வளர்ந்த கொங்கு நிறுவனங்களும் உண்டு. பெரும்பாலான மேஸ்திரிக் குடும்பங்கள் உள்ளூரிலேயே, தெரிந்த முதலாளிக்குத் தெரிந்த வாக்கில் கட்டிக்கொண்டிருந்தன.

கல் அப்போது சுத்தியலை விட்டுக் கிரஷருக்குப் போனது. பாறையில் துளை போட்டு வெடி வைக்கிறார்கள். சரிந்த பாளங்களை டிப்பர் அள்ளிக்கொண்டு போய் முதல் அரைவையின் தாடையில் கொட்டும். அங்கே நசுங்கியது அடுத்த அரைவைக்குப் போய், சல்லடைகளில் ஏறி இனம் பிரியும். ஒன்றரை அங்குல ஜல்லி தரைக்கு, முக்கால் அங்குல ஜல்லி தூணுக்கும் உத்தரத்துக்கும் தளத்துக்கும், அதற்கும் கீழே சிப்ஸ், கடைசியில் பவுடர். எல்லாம் யூனிட் கணக்கு, 100 கன அடி ஒரு யூனிட். குவாரியில் மலிவாக இருக்கும் கல்லின் விலையை லாரி வாடகைதான் ஏற்றுகிறது. அதனால் பக்கத்துப் பாறைக்கே எப்போதும் கிராக்கி.

மணல் மட்டும் காவிரியிலிருந்து வந்தது. ஆறு தாங்கவில்லை. 2017 நவம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, மணல் குவாரிகளை ஆறு மாதத்தில் மூடச் சொன்னது. உத்தரவு அப்படியே நடக்கவில்லை என்றாலும், அதற்கு முன்பே காற்று, கல்லைப் பொடித்துச் செய்யும் எம்-சாண்ட் பக்கம் திரும்பிவிட்டது. 2016இல் திருத்திய ஐ.எஸ். 383 என்ற இந்தியத் தரவிதியில் அதற்கு இடம் கிடைத்தது. சிப்ஸை வேகமாகச் சுழற்றி மோதவிட்டு, 4.75 மில்லிமீட்டருக்குள் பொடித்து, தூசு போகக் கழுவினால் எம்-சாண்ட். கழுவாத கிரஷர் பவுடரையே எம்-சாண்ட் என்று தலையில் கட்டுகிறவர்களும் உண்டு. வீடு கட்டுகிறவர்கள், பொதுப்பணித் துறை ஒப்புதல் பெற்ற ஆலையின் சரக்கா என்று கேட்டு வாங்குங்கள்.

பேரன் காலத்தில் தூணும் கூரையும் இரும்பாகிவிட்டன. தொழிற்சாலையில் செய்து லாரியில் வரும் சட்டங்களை போல்ட் போட்டு முடுக்கினால் செட் எழுந்துவிடுகிறது. கல்லுக்கு மிச்சம் கடைக்காலும் தரையும்தான். ஆனால் அந்தத் தரை சாதாரணமானதில்லை. வட்டப் பின்னல் இயந்திரத்தின் கனமும் அதிர்வும் அதன்மேல்தான் இறங்குகின்றன. தையல் மாடிக்குப் போனாலும் பின்னலைப் பெரும்பாலும் கீழேயே வைப்பது அதனால்தான். 2013இல் வங்கதேசத்தில் ராணா பிளாசா என்ற ஆடைத் தொழிற்சாலைக் கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டவர்கள் இறந்த பிறகு, வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் துணியின் தரத்தோடு கட்டட உறுதிச் சான்றையும் கேட்கிறார்கள். அனுமதியில்லாமல் ஏற்றிய மாடிகளும் அந்தக் கட்டடம் இடிய ஒரு காரணம். இன்னும் ஒரு மாடி என்று முதலாளி கேட்கும்போது மறுக்கத் தெரிந்த ஒப்பந்தக்காரரே நல்ல ஒப்பந்தக்காரர்.

கல் போன இடம் இது. அது வந்த இடத்தில் ஆழமான பாறைக்குழிகள். வெடியில் வீட்டுச் சுவர் விரிகிறது, கிரஷர் தூசு பயிரில் படிகிறது என்று கோடங்கிபாளையத்துக்காரர்கள் பல முறை போராடிவிட்டார்கள். கைவிட்ட குழிகளில் திருப்பூர் மாநகராட்சியின் குப்பையைக் கொட்டுவதை முதலிபாளையம் போன்ற ஊர்களின் மக்கள் எதிர்த்து நின்றார்கள். ஒரு யூனிட் ஜல்லியின் விலையில் இந்தக் குழிக்கான செலவு இன்றுவரை சேரவில்லை.